ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

யூஸ்தாலில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
பனி வாரும் லாரியை நகராட்சிக் கொட்டகையில் விட்டுவிட்டு
என் கராஜுக்கு வந்து ஹீட்டரை ஒரு உதை உதைப்பேன்.
எரியும். சில நாள் எரியாது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு வோல்வோ.
சிவப்புச் சாயம் பூசிய இரும்பு, நான்கு சிலிண்டர்.
தபால்காரர் ஒருவருக்கு
நான்கு லட்சம் கிலோமீட்டர் உழைத்தது.
ஒருநாளும் விரட்டியதில்லை என்றார், பெருமையாக.
அதுதான் அதன் நோய் என்று எனக்குப் பட்டது.

பந்தயத்தின் சட்டம் இது:
ஓடி முடித்ததும் யார் வேண்டுமானாலும்
குறித்த விலையைக் கட்டி உன் காரைக் கேட்கலாம்.
பலர் கேட்டால் சீட்டுக் குலுக்கல்.
கொடுக்க மறுத்தால் உன் லைசென்ஸ் போய்விடும்.
ஆகவே எவரும் அதில் காசைக் கொட்டுவதில்லை.
என்னிடம் இருந்தவை பிற்பகல்கள்.

ஹெட்டைக் கழற்றி ரோலண்டின் பட்டறைக்குத் தூக்கிப்போனேன்.
ஒன்றரை மில்லிமீட்டர் சீவச் சொன்னேன்.
"இன்னும் ஒரு இழை போனால் தண்ணீர் எட்டிப் பார்க்கும்."
"அந்த இழை அங்கேயே இருக்கட்டும்."
கூலி, இரண்டு கிலோ கடமான் கறி.

கேம் ஷாஃப்ட், காயலான் கடையில்
முகம் நொறுங்கிய ஒரு வண்டியின் வயிற்றில் கிடைத்தது.
வால்வை அது இன்னும் ஆழமாக இறக்கும்;
பிஸ்டனோ இப்போது இன்னும் அருகில்.
முட்டிக்கொள்ளுமா?
தூவாவின் பச்சைக் களிமண்ணைத் திருடி
நான்கு பிஸ்டன் தலையிலும் அப்பினேன்.
ஹெட்டை மூடி, பெல்ட்டை மாட்டி,
மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் இரண்டு சுற்று.
திறந்து, பிளேடால் அறுத்து, அளந்தேன்:
மிக மெலிந்த இடத்தில் இரண்டு மில்லிமீட்டர்,
அதற்குள் அவள் எப்போதோ பிசைந்த ஜிகினா.

காற்று நுழையும் வழிகளை மூன்று வாரம் அரைத்தேன்.
எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்குத் தெரியாது,
சுண்டுவிரலுக்குத் தெரியும்.
நான்காவதில் கை வழுக்கி ஒரு தழும்பு.

முதலில் முழக்கியபோது எதிர்வீட்டு நாய்
குரைக்க வாயைத் திறந்து, மறந்து நின்றது.
சும்மா நிற்கையில் இன்ஜின் நொண்டும்.
நாலாயிரம் சுற்றுக்கு மேல்தான் அதற்குக் கால் முளைக்கும்.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு:
தீப்பொறி விழும் வரிசை.
தூவா பள்ளியில் அப்படியே எண்ணி
ஆசிரியையிடம் திட்டு வாங்கினாள்.

மே மாதம். சரளையும் சேறும்.
இடப்பக்க வளைவில் எல்லோரும் காலை எடுக்கும் இடத்தில்
நான் எடுக்கவில்லை.
சிக்ஸ்டனின் ஓப்பல் கண்ணாடியில் சிறுத்துப்போனது.

முதலிடம். கோப்பை தகரம்.
மேசைமேல் என் காருக்குப் பதினொரு உறைகள்.
குலுக்கிய பெட்டிக்குள் யாரோ கைவிட்டார்கள்.
சிக்ஸ்டன்.

பணத்தை எண்ணிக் கொடுத்தான், தாள்களில் சேறு.
பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தான்.
"உள்ளே என்ன செய்தாய்?"
"எண்ணெய் மாற்றினேன்."
சிரித்தான். நானும்.
நான்காவதில் ஒரு தழும்பு இருக்கிறது என்று
நாக்கு நுனிவரை வந்தது.
"சூடேறும்வரை மிதிக்காதே," இதை மட்டும் சொன்னேன்,
அதையும் ஸ்டீயரிங்கைப் பார்த்து.

அவன் மிதித்தான்.
டிரெய்லரில் ஏற்றும்வரை எனக்குள் ஏதோ
குளிர்ந்த எண்ணெயில் உரசிக்கொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிறு அவன் ஓட்டுவான்.
ஓடி முடித்ததும் நானும் ஒரு உறை போடலாம்.
பன்னிரண்டில் ஒன்று.

வீட்டில் தூவா கேட்ட முதல் கேள்வி,
"என் பச்சை எங்கே?"
காபி டப்பாவில் நான்கு துண்டுகள்,
ஒவ்வொன்றிலும் குச்சியால் கீறிய எண்.
நான் வாய் திறப்பதற்குள்
நான்கையும் சேர்த்து உருட்டி
ஒரு பாம்பு செய்துவிட்டாள்.